உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் என் கூட்டல் கணக்கும்

புள்ளியியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணைக் கண்டால் கூட்டிவிடுவோம். அதை யார் எழுதினார்கள், எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்பதெல்லாம் அடுத்தவர் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்பது போல அநாகரிகம் என்று நினைப்போம். எனக்கு இந்த வியாதி இருபத்துமூன்று வயதில் முற்றிய நிலையில் இருந்தது. அப்போது நான் செய்த காரியம் இதுதான்: ஒரு மலை முழுக்க வயிற்றுப்போக்குக்காரர்கள் குடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை, ஒற்றை கிராஃப் தாளைக் கொண்டு நிறுத்தப் பார்த்தேன். (நிறுத்தியிருந்தால் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.)

எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் ஊர் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பாவுக்குக் கடலைக்காடும் கொஞ்சம் பருத்தியும். நான் கோயம்புத்தூரில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைக் கம்பெனி ஒன்றின் ஆஸ்பத்திரிக்கு, மழைக்காலம் முடியும்வரை கணக்குப் பார்க்க ஆள் தேவை என்று கல்லூரி வழியாகத் தகவல் வந்தது. மலையாளமும் தெரிந்திருக்க வேண்டுமாம். ‘நன்கு தெரியும்’ என்று அடிக்கோடு போட்டு எழுதி அனுப்பினேன். அந்த அடிக்கோட்டை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அப்பா நம்பவில்லை. “ஏங்கண்ணு, ஆஸ்பத்திரீன்னா நீ ஊசி போடோணுமா?”

“இல்லீங்கப்பா. எண்ணோணும்.”

“எதைய?”

“எத்தன பேருக்கு வயித்தால போச்சு, எத்தன பேருக்குத் தேவலையாச்சுன்னு எண்ணோணுங்க.”

அப்பா பருத்திக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். “இதுக்காக் கண்ணு அஞ்சு வருசம் படிச்சே?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் பொள்ளாச்சியில் உடுமலைப்பேட்டை பஸ் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியின் டாக்டர் சண்முகசுந்தரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். கொண்டையில் பேனா செருகியிருப்பார். அதை மேஜை முழுக்கத் தேடுவார். கம்பெனிக்கு மலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆறு டிஸ்பென்சரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பவுண்டர். மழை தொடங்கினால் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு அங்கே அதுதான் பெயர்) வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும். முதலில் பிள்ளைகள்தான் வாடுவார்கள்.

டாக்டர் அந்த வருடம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். டிஸ்பென்சரிக்கு ஒரு நாள் வருகிறவர்களுக்கு வழக்கமான வெள்ளை மிக்சர் மட்டும். அதற்கு மறுநாள் புதிதாக வருகிறவர்களுக்கு மிக்சரோடு, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் அளவாக உப்பும் சர்க்கரையும் கலந்து நாள் முழுக்கக் குடிக்கக் கொடுப்பது. மிகவும் வாடிப்போனவர்களை மட்டும் எந்த நாளானாலும் உடனே மேலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் மூன்றாம் நாளுக்குள் தேறினார்களா என்று கம்பவுண்டர் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். வயிற்றால் போகிறவருக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்று பாதி மலை நம்பிய காலம் அது.

“ஒரு டிஸ்பென்சரில வார ஆளு கொஞ்சம்தான்” என்றார் டாக்டர். “அதுல நாலு பேரு பொழச்சா மருந்தாலயா அதிர்ஷ்டத்தாலயான்னு எப்படித் தெரியும்? எல்லா எடத்தையும் ஒண்ணாச் சேத்துப் பாத்தாத்தான் வெளங்கும். ஆனா ஒண்ணு சாந்தாமணி, சும்மா கூட்டிப்புடாத. யாரு என்னத்த எண்ணியிருக்காங்கன்னு மொதல்ல பாரு.”

“சரிங்க டாக்டர்” என்றேன். முதல் பாதி காதில் விழுந்தது. ‘ஆனா’வுக்குப் பிறகு வந்தது எதுவும் விழவில்லை.

இப்படித் தனித்தனியாகச் செய்த பல சிறு ஆய்வுகளைச் சேர்த்து ஒரே முடிவு காண்பதற்கு ‘மெட்டா அனாலிசிஸ்’ என்று பெயர் உண்டு என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு அது கூட்டல். கூட்டலில் நான் புலி.

ஆறில் ஐந்து ரெஜிஸ்டர்கள் வந்து சேர்ந்தன; பார்த்து எழுதிக்கொண்டு உடனே திருப்பி அனுப்ப வேண்டும். ஆறாவது வரவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. (வராத பேப்பரைத் திருத்த வேண்டியதில்லை என்று மகிழ்கிற வாத்தியார் மனநிலை.) நான்கு ரெஜிஸ்டர்களில் தமிழில் தெளிவாக ‘தேறினார்’, ‘தேறவில்லை’ என்று இருந்தது. ஐந்தாவதுதான் இருப்பதிலேயே தடிமன். கடைசி மலைச்சரிவில் இருந்த பெரிய டிஸ்பென்சரியின் ரெஜிஸ்டர். கம்பவுண்டர் பெயர் குட்டப்பன். முத்து முத்தான தமிழ் எழுத்து. ஆனால் சுருக்கமாக எழுதுகிற ஆள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒன்று ‘பே.’ என்று இருக்கும், இல்லையென்றால் ‘கு.’ என்று இருக்கும். அவ்வளவுதான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பே. என்றால் பேதி, அதாவது இன்னும் போகிறது. கு. என்றால் குணம். யாரையும் கேட்காமல், டீ ஆறுவதற்குள் முடிவு செய்தேன்.

கூட்டினேன். முடிவு தலைகீழாக வந்தது. நான்கு சிறிய டிஸ்பென்சரிகளில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். குட்டப்பனிடம் மட்டும் குடித்தவர்களுக்கெல்லாம் பே., குடிக்காதவர்களுக்கெல்லாம் கு. அவருடையது பெரிய ரெஜிஸ்டர் என்பதால் மற்ற நான்கையும் விழுங்கிவிட்டது. மொத்தத்தில், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் ஆள் தேற மாட்டார்.

எந்த மனிதப் பிறவிக்கும் இங்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது பெருமை. டாக்டரே எதிர்பார்க்காததைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா! குட்டப்பன் டிஸ்பென்சரி மட்டும் ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஒரு முழுப் பக்கம் விளக்கமும் எழுதினேன். அந்த மலையின் உயரம், அங்கே அடிக்கும் காற்று, குளிரில் உப்பு உடம்பில் வேலை செய்யும் விதம். இயற்பியலும் வேதியியலும் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு முடிந்த சங்கதிகள் என்பது எழுதும்போது நினைவுக்கு வரவே இல்லை. கிராஃப் தாளில் படம் போட்டு, சிவப்பு மையில் குட்டப்பனின் கோட்டைத் தடிமனாக்கி, அறிக்கையைப் பெரிய துரையின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டுத்தான் டாக்டரிடம் காட்டினேன்.

பெரிய துரை என்பவர் அந்தத் தோட்டங்களுக்கெல்லாம் மேலே இருந்த மானேஜர். வெள்ளைக்காரர் இல்லை, ஆனாலும் துரை. டிஸ்பென்சரிக்குப் போகிற சர்க்கரை நேராக கம்பவுண்டர்களின் டீ தம்ளருக்குள் போகிறது என்று அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். என் அறிக்கை அவருக்குக் கரும்பாக இனித்தது. சனிக்கிழமை கம்பவுண்டர்கள் எல்லாரும் கூடும் கூட்டத்தில் இந்தத் தண்ணீர் வைத்தியத்தை நிறுத்தச் சொல்லப்போவதாகத் தகவல் அனுப்பினார்.

டாக்டர் அறிக்கையைப் படித்தார். கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தார். (முதல் முறையாகத் தேடாமல் எடுத்தார், அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

“நாலு பேரு ஒண்ணு சொல்லுதான். ஒருத்தன் மட்டும் நேர்மாறா சொல்லுதான். ஏன்னு போய்ப் பாத்தியா?”

“அவரோடதுதான் பெரிய எண்ணிக்கைங்க டாக்டர்.”

“நான் அதக் கேக்கல. போய்ப் பாத்தியா?”

“இல்லீங்க.”

“நாளைக்குப் போற.”

இப்படியாக வியாழக்கிழமை காலை நான் கொழுந்து லாரியில், தேயிலைச் சாக்குகளுக்கு நடுவில், கடைசி மலைச்சரிவுக்குப் புறப்பட்டேன். வழியில் மண் சரிந்து லாரி இரண்டு மணி நேரம் நின்றது. பசி. ரோட்டோரத்தில் ஒரு பெட்டிக்கடை. அதில் நேற்றையதா முந்தாநாளையதா என்று சொல்ல முடியாத மசால் வடை. நான்கு சாப்பிட்டேன். பாறையிலிருந்து ஒழுகிய தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தேன். வயிற்றுப்போக்கைப் பற்றி அறிக்கை எழுதிய பெண்.

குட்டப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். மலையாளி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காதில் பென்சில். தன் ரெஜிஸ்டரைத் தொடுவதற்கு முன் என்னைக் கை கழுவச் சொன்னார். நான் கழுவினேன். உட்கார்ந்தேன். ‘உங்கள் டிஸ்பென்சரியில் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது?’ என்ற என் முதல் கேள்வியைக் கேட்பதற்காக நோட்டைப் பிரித்தேன். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்தார்கள்.

அடுத்த மூன்று மணி நேரத்தை விவரிக்கப் போவதில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் கக்கூஸ். அதற்குப் போகும் பாதை முழுக்க அட்டை. ஐந்தாவது தடவை வரை அட்டைகளைப் பிய்த்துப் போட்டேன். பிறகு அவற்றின் பசியும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து பெஞ்சில் சாய்ந்தபோது, அங்கே ஆயாவாக இருந்த வேலம்மா ஒரு பெரிய தம்ளரை நீட்டினாள். “இந்தாங்க தாயி, குடிங்க.”

“என்னுங்க இது?”

“உப்புச் சக்கரத் தண்ணி.”

நான் தலையை ஆட்டினேன். “வேண்டாமுங்க. இது ஆகாது.”

குட்டப்பன் மருந்து அலமாரியிலிருந்து திரும்பினார். “எந்தா? ஆகாதா? யாரு சொல்லி?”

“உங்க ரெஜிஸ்டர்தானுங்க சொல்லுது” என்றேன், எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல். “உங்ககிட்டக் குடிச்ச ஆருமே தேறலீங்களே. நான் கூட்டிப் பாத்துட்டனுங்க.”

குட்டப்பன் என்னையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். “காய்ச்சலுண்டோ?” என்று வேலம்மாவிடம் கேட்டார். எனக்குப் பிதற்றல் வந்துவிட்டது என்றே அவர் நினைத்திருக்கிறார்.

நான் விடவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி பறந்தது. இருந்தாலும் அறிவியலுக்காக உயிரை விடுகிறோம் என்ற நினைப்பு. அறிக்கையில் எழுதியதை நானே மீறலாமா?

வேலம்மாவுக்கு அறிவியல் தெரியாது. என் பின்னந்தலையைப் பிடித்தாள். “ஏ தாயி, படிச்ச புள்ளையா இருந்துக்கிட்டு இப்படி அடம் புடிக்கீயளே. நாக்கு வறண்டு கெடக்கு, கண்ணு உள்ள போயிருச்சு. குடிக்கீயளா, இல்ல மூக்கப் புடிச்சு ஊத்தட்டுமா?”

அவள் மூக்கை நிஜமாகவே பிடித்தாள். குடித்தேன். ஒரு தம்ளர், பிறகு இன்னொன்று, ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் ஒன்று. கண்ணீர் போல உப்பாக, கொஞ்சம் இனிப்பாக இருந்தது. நான் சாகப்போகிறேன், அதுவும் என் சொந்தக் கணக்குப்படி சாகப்போகிறேன் என்று அழுதேன். “சரி, குடிச்சிக்கிட்டே அழுங்க” என்றாள் வேலம்மா.

சாகவில்லை. அங்கேயே ஒரு கட்டிலில் கிடந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கஞ்சி கேட்டேன். வயிறு இன்னும் ஓரிரு தடவை இழுத்தது. ஆனால் எழுந்து நிற்க முடிந்தது, பேச முடிந்தது, வேலம்மாவின் மேல் கோபப்படவும் முடிந்தது. குட்டப்பன் என் நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்துவிட்டு ரெஜிஸ்டரில் எழுதினார்.

எட்டிப் பார்த்தேன். கடைசி வரியில் என் பெயர். ‘சாந்தாமணி, 23.’ எதிரில், முத்தான எழுத்தில், ‘பே.’

எனக்கு வந்ததே கோபம். “ஏனுங்க, எனக்குத்தான் தேவலையாயிருச்சுங்களே? அப்புறம் எதுக்குங்க பேதின்னு எழுதறீங்க?”

“எவிட பேதி?”

“இதா. பே.”

“அது பேதியல்ல மோளே. பேதம். பேதமாயி. நல்லாயிட்டுண்டுன்னு அர்த்தம்.”

மழைச் சத்தம் நின்றதா, அல்லது எனக்குக் காது அடைத்ததா தெரியவில்லை. பேதமாயி! பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசல்களில் ‘பேதமுண்டோ, பேதமுண்டோ’ என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். உடம்பு தேறியிருக்கிறதா என்று கேட்கிற, நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற மலையாள வார்த்தை.

“அப்ப... கு. என்னுங்க?” என்று ரெஜிஸ்டரில் விரலை வைத்தேன்.

“குறவில்ல. அசுகம் குறஞ்சிட்டில்ல. நோவு குறையலன்னு.”

“குணம் இல்லீங்களா?”

“குணமோ? குணம்னா குணம்னு எழுதுவேனே!” அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “பேதம்னா பேதம். குறவில்லன்னா குறவில்ல. இதுல எந்தா சம்சயம்?”

“மலையாள வார்த்தைய ஏனுங்க தமிழ் எழுத்துல எழுதுனீங்க?”

“டாக்டரம்மாக்கு மலையாளம் வாயிக்கான் அறியில்ல, படிக்கத் தெரியாது. அதுகொண்டு அவங்களுக்காகத் தமிழ்ல எழுதினது” என்றார், நான் நன்றி சொல்ல வேண்டும் என்பது போல.

என் கணக்கில் இருந்த தேறியவர்கள் எல்லாரும் தேறாதவர்கள். தேறாதவர்கள் எல்லாரும் தேறியவர்கள். மலையின் உயரம், காற்று, குளிரில் உப்பு வேலை செய்யும் விதம் எல்லாம் ஒரு நிமிடத்தில் பஞ்சாகப் பறந்தன. மிஞ்சியது ஒன்றுதான்: நாளைக்குச் சனிக்கிழமை.

மண் சரிந்த ரோட்டில் அன்றைக்கு எந்த வண்டியும் வரவில்லை. சனிக்கிழமை காலை கொழுந்து லாரி வந்தது. குட்டப்பன் கூட்டத்துக்கு எப்படியும் போக வேண்டியவர். ரெஜிஸ்டரை மழைக் கோட்டுக்குள் வைத்து, குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தார். வழியில் அந்தப் பெட்டிக்கடை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது கூட்டம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. பெரிய துரை என் அறிக்கையைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அதுவும் எந்த இடம்? அந்த உயரமும் காற்றும். கம்பவுண்டர்கள், கங்காணிகள், எழுத்தர்கள் என்று இருபது ஆண்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நிறுத்துங்க” என்றேன்.

துரை நிறுத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். தலையில் தேயிலை இலை, சேலையில் சேறு, காலில் அட்டை கடித்த ரத்தம்.

“அது தப்புங்க சார்.”

“எது தப்பு?”

“நான் எழுதுனது எல்லாமே தப்புங்க.”

எப்படித் தப்பு என்று கேட்டார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் பே. எப்படிப் புரிந்தது என்று சொல்ல வேண்டும். அது புரிந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகாத பெண், இருபது ஆண்களுக்கு முன்னால், வியாழக்கிழமை மத்தியானம் முதல் எத்தனை தடவை போனேன் என்பதைச் சொன்னேன். ‘ஐந்தாறு தடவை’ என்று குறைத்துச் சொன்னபோது, பின்னாலிருந்து குட்டப்பன் ரெஜிஸ்டரைப் பிரித்து, “பன்னிரண்டு” என்று திருத்தினார். கணக்கில் அவர் சமரசம் செய்துகொள்ளாத ஆள்.

முதலில் சிரித்தவர் ஒரு கங்காணி. பிறகு கூரை அதிர்ந்தது. துரைகூட அறிக்கையால் வாயை மறைத்துக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார், ரெஜிஸ்டரை வாங்கினார், கரும்பலகையில் ஐந்து டிஸ்பென்சரிகளையும் மறுபடி எழுதினார். இப்போது ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தன. குட்டப்பனின் வரிதான் எல்லாவற்றிலும் உறுதியாக நின்றது.

“ஆக, இந்தத் தண்ணி அமிர்தம்!” என்றார் ஒருவர்.

“இருங்க” என்றார் டாக்டர். “டிஸ்பென்சரி ஆறு. ரெஜிஸ்டர் அஞ்சுதான இருக்கு. ஆறாவது எங்க?”

பின்வரிசையில் ஒரு கம்பவுண்டர் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார். “எங்க எடத்துல சரியா வரல டாக்டர். நல்லால்லாதத எதுக்கு அனுப்பணும்னு விட்டுட்டேன்.”

“என்னத்துல சரியா வரல?”

“குடிச்சாலும் பேதி நிக்கல டாக்டர். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் போச்சு.”

“அது நிறுத்துதுக்கு இல்லய்யா, ஆளு வாடாம இருக்கதுக்கு. குடிச்சவங்க வாடினாங்களா?”

அவர் யோசித்தார். “இல்ல டாக்டர். எந்திரிச்சு நடமாடத்தான் செஞ்சாங்க.”

“அதையும் எழுதி அனுப்பும். நல்லால்லாதது மொதல்ல வரணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கேட்டியா சாந்தாமணி? இவரு எண்ணினது ஒண்ணு, மத்தவங்க எண்ணினது இன்னொண்ணு. அப்படியே கூட்டியிருந்தா அதுவும் தப்பு.”

நான் தலையாட்டினேன். இந்தத் தடவை ‘ஆனா’வுக்குப் பிறகு வந்ததும் கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று நான் நாற்காலியில் சரியும்போது பெரிய துரை தொண்டையைக் கனைத்தார். “ஒரு சின்ன விஷயம் டாக்டர். வடக்குச் சரிவு டிஸ்பென்சரிக்கு ரோடு இல்ல, கம்பவுண்டர் கூட்டத்துக்கு வர முடியாது. அதனால, தண்ணிய நிறுத்தச் சொல்லி வியாழக்கிழமையே ஆள் மூலமா லெட்டர் அனுப்பிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த டிஸ்பென்சரியில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்று புதன்கிழமையே தகவல் வந்திருந்தது, டாக்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஜீப் போகிறவரை ஜீப்பில் போனோம். பிறகு சரிந்த மண்ணில் டாக்டரும் நானும் நடந்தோம். நடந்தேன் என்று சொல்கிறேன். பாதித் தூரம் கையும் காலுமாக ஏறினேன். வேலம்மா பார்த்ததெல்லாம், வறண்ட நாக்கு, உள்ளே போன கண், ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த ஒரு தம்ளரும் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் வேகமாக முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

வடக்குச் சரிவுக் கம்பவுண்டர் பெரியசாமி வாசலில் நின்று எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். டாக்டர் மூச்சிரைக்க, “பெரியசாமி, துரை லெட்டர்...” என்றார்.

“வந்துச்சு டாக்டர். அந்தா இருக்கு.” மேஜையில், பசை பிரியாமல், பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருந்தது. “துரை கடுதாசிய நான் திங்கக்கெழமதான் பிரிப்பேன். முன்னாலயே பிரிச்சா ஞாயித்துக்கெழம கறிச்சோறு எறங்காதுல்லா?”

உள்ளே இரண்டு பிள்ளைகளும் அம்மாக்களின் மடியில் சாய்ந்தபடி தம்ளரில் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. என் கோலத்துக்கு அது சரிதான். நான் அங்கேயே மண் தரையில் உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் சிரித்தேன், அழுதேன். டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொண்டையைத் தடவிப் பார்த்து, “பேனாவ எங்கயோ விட்டுட்டேன்” என்றார்.

பெரியசாமியிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். அடுப்பில் போட்டேன். ஒரு மானேஜரின் கடிதத்தை எரித்தது சட்டப்படி குற்றமா என்று இன்று வரை விசாரிக்கவில்லை.

மழைக்காலம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். ஆறு டிஸ்பென்சரிகளுக்கும் போனேன். ஒவ்வொரு கம்பவுண்டரின் பக்கத்திலும் உட்கார்ந்து, ‘தேறினார்’ என்றால் உங்களுக்கு என்ன, எப்போது பார்த்தீர்கள், யார் வரவில்லை, வராதவர் என்ன ஆனார் என்று கேட்டு எழுதினேன். (வடை சாப்பிடவில்லை.) கடைசியில் வந்த முடிவு அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை. பேதியை அது நிறுத்தவில்லை. ஆனால் ஆளை வாடவிடவில்லை. டாக்டருக்கு அதுவே பெரிய சந்தோஷம். சர்க்கரை தொடர்ந்து போயிற்று. அதில் கொஞ்சம் டீயிலும் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தேன், அறிக்கையில் எழுதவில்லை.

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவப் புள்ளிவிவரத்திலேயே வேலை பார்த்தேன். இன்னொருவர் எண்ணியதை அவரிடம் பேசாமல் ஒரு தடவைகூடக் கூட்டியதில்லை. பேச ஆள் கிடைக்காவிட்டால் கடிதம் எழுதுவேன். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்று எழுதுவேன்.

வீட்டில்தான் இதற்கு மரியாதை இல்லை. என் மகளுக்கு வரன் பார்த்தபோது, பொள்ளாச்சியில் ஒரு பையனைப் பற்றி மூன்று பேர் வந்து தங்கமான பையன் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு அதுவே போதும். “மூணு பேர் மூணு திக்கிலிருந்து சொல்றாங்க, இன்னும் என்னம்மா?” என்றார். நான் மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். ஆளுக்கு ஒரு காப்பி குடித்துவிட்டு, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். மூவருக்கும் சொன்னது ஒரே ஆள்: பையனின் சித்தப்பா.

கல்யாணம் என்னவோ அந்தப் பையனோடுதான் நடந்தது. நேரில் போய் விசாரித்ததில் சித்தப்பா சொன்னது உண்மை என்று தெரிந்தது. ஆனால் இன்றைக்கும் வாட்ஸப்பில் ‘வெந்தயம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிப்போகும்’ என்று ஏதாவது வந்தால், அந்த மாப்பிள்ளை பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே உள்ளே குரல் கொடுக்கிறார்:

“அத்தைகிட்டச் சொல்லாதீங்க. பை எடுத்துட்டுக் கெளம்பிருவாங்க.”